பல்லில் தெரியும் பாறை

பாலக்கோடு வட்டாரத்தில் போர்வெல் தண்ணீரோடு வீட்டுக்குள் வரும் ஃபுளோரைடு எங்கிருந்து புறப்படுகிறது? ஒகேனக்கல் குழாய் வந்த பிறகும் அது ஏன் முழுதாக விலகவில்லை?

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மில்லிகிராம். குடிநீரில் ஃபுளோரைடு அதற்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 இன்னும் கண்டிப்பானது. 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரங்களின் போர்வெல்களில் பல இந்த 1.5 எல்லையைத் தாண்டியவை.

சேலத்திலிருந்து தருமபுரி வழியாக ஓசூர், பெங்களூரு செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது பாலக்கோடு. தக்காளி மண்டிக்குப் பெயர் பெற்ற ஊர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. சுற்றிலும் கேழ்வரகு, கொள்ளு, மா, புளிய மரங்கள். பஞ்சப்பள்ளிப் பக்கமிருந்து வரும் சின்னாறு இந்த வட்டாரத்தை நனைத்துவிட்டு ஒகேனக்கல் அருகே காவிரியில் சேர்கிறது. ஆறு என்று பெயர் இருந்தாலும் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். ஆகவே ஊர்கள் காலங்காலமாகக் கிணற்றையும், கடந்த ஐம்பது ஆண்டுகளாகப் போர்வெல்லையும் நம்பி வாழ்ந்தன.

அந்த நம்பிக்கையின் விலை பள்ளிக்கூட வகுப்பறைகளில் தெரிகிறது. முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெள்ளைக் கோடுகள், பிறகு மஞ்சள், பிறகு காவி. முற்றிய நிலையில் பல்லின் மேல்பூச்சு குழி குழியாகப் பெயர்ந்துவிடும். வேப்பங்குச்சியோ பற்பசையோ இந்தக் கறையை அகற்றாது. ஏனெனில் இது பல்லின் மேல் படிந்த அழுக்கு அல்ல. பல் உருவாகும்போதே எனாமலுக்குள் நேர்ந்த கோளாறு. பிறந்தது முதல் ஏறக்குறைய எட்டு வயது வரை நிலையான பற்கள் ஈறுக்குள் வளர்கின்றன. அந்த எட்டு ஆண்டுகளில் குழந்தை குடித்த தண்ணீரின் கணக்கைப் பல் வாழ்நாள் முழுவதும் வெளியே காட்டிக்கொண்டிருக்கும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் வளரிளம் பெண்களின் சங்கடத்தை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லிவிடாது.

பல் முதல் சாட்சி மட்டுமே. அதிக ஃபுளோரைடை ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டுகள் இறுகும். கழுத்தைத் திருப்பவும் முதுகை வளைக்கவும் முடியாமல் போகும். எலும்பு தடித்து, தசைநார்கள் சுண்ணாம்பேறும். முற்றினால் தண்டுவடம் நெரிந்து நடையே முடங்கும். கைகால் வலி என்று வருபவர்களுக்கு வயதால் வந்த வாதம் என்று மாத்திரை கொடுத்து அனுப்புவது எளிது. தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கேட்காதவரை உண்மைக் காரணம் வெளியே வராது.

காக்காப்பொன்னுக்குள் இருப்பது

இந்த ஃபுளோரைடை எந்தத் தொழிற்சாலையும் கொட்டவில்லை. அது பாறையின் சொத்து. பாலக்கோட்டைச் சுற்றியுள்ள குன்றுகளும் வயலடிப் பாறையும் இந்தியாவின் மிகப் பழைய நிலப்பரப்பைச் சேர்ந்தவை: நைஸ், சார்னோகைட், கிரானைட், இடையிடையே சையனைட். ஒகேனக்கல் அருகே கார்பனடைட் என்ற அரிய எரிமலைக் குழம்புப் பாறையும் இருக்கிறது. அதன் வயது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகள் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டி, திருப்பத்தூர் அருகே சேவாத்தூர் ஆகிய இடங்களிலும் கார்பனடைட் உண்டு. அரூர், ஊத்தங்கரை பக்கத்தில் மாலிப்டினம் கனிமம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேடிக் கண்டிருக்கிறது. வறண்ட மாவட்டம் என்று நாம் ஒதுக்கிப் பேசும் இந்த மண்ணுக்கு அடியில் வேதியியல் மிகச் செழிப்பாக இருக்கிறது.

ஒரு பாறையில் சிலிக்கா, அலுமினியம், இரும்பு, கால்சியம் போன்றவை பெரும்பங்கு. ஃபுளோரின், மாலிப்டினம், யுரேனியம், செலினியம், ஆர்செனிக் போன்றவை பத்து லட்சம் பங்கில் சில நூறோ, சிலவோ, ஒன்றுக்கும் குறைவாகவோ இருக்கும். இவற்றைச் சுவடுத் தனிமங்கள் என்பார்கள். 1961இல் துரேக்கியன், வெடபோல் என்ற இரு புவிவேதியியலாளர்கள் பல வகைப் பாறைகளின் சராசரி அளவுகளைத் தொகுத்தனர். அதன்படி கால்சியம் குறைந்த கிரானைட்டில் ஃபுளோரின் பத்து லட்சத்தில் 850 பங்கு. கடலடிச் சேறு இறுகிய ஷேல் என்னும் களிப்பாறையில் 740 பங்கு. எரிகுழம்பில் பிறந்த பாறைக்கும் சேற்றில் பிறந்த பாறைக்கும் இவ்வளவு நெருங்கிய அளவு என்பது வியப்புதான். ஆனால் பாறையில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு எளிதாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது என்பதே ஊரின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

பாலக்கோட்டுப் பாறைகளில் ஃபுளோரின் தங்கியிருக்கும் இடங்கள் ஃபுளோரைட், அபடைட், ஹார்ன்பிளெண்ட், பயோடைட் ஆகிய கனிமங்கள். கடைசியாகச் சொன்ன பயோடைட்டைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். மணலில் மினுங்கும் கருநிறக் காக்காப்பொன் அதுதான். அதன் ஏடுகளுக்குள் ஹைட்ராக்சில் அயனியும் ஃபுளோரைடு அயனியும் ஒரே வகை இடத்தில் அமரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. காரத்தன்மையுள்ள தண்ணீர் பாறை விரிசல்களில் நெடுநாள் தேங்கும்போது, பேருந்தில் ஒருவர் எழுந்த இருக்கையில் அதே உடல்வாகுள்ள இன்னொருவர் உட்காருவது போல, ஹைட்ராக்சில் உள்ளே போக ஃபுளோரைடு வெளியே வருகிறது. தண்ணீர் எவ்வளவு காலம் பாறையோடு கிடக்கிறதோ அவ்வளவு அதிகம்.

கால்சியம் இங்கே காவல்காரன். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கால்சியம் ஃபுளோரைடாகப் படியவைத்துவிடும். ஆனால் வறண்ட பகுதிகளில் வெயில் தண்ணீரை உறிஞ்ச, கால்சியம் கார்பனேட்டாகி மண்ணில் தங்கிவிடுகிறது. உழும்போது கொழுவில் தட்டும் வெள்ளைச் சுக்கான்கற்கள் அப்படி உருவானவையே. கால்சியம் நிலத்தில் நின்றுவிட, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீர் தடையில்லாமல் ஃபுளோரைடைச் சுமந்துகொண்டு கீழே போகிறது. தருமபுரி மாவட்டத்து வாணியாற்றுப் படுகையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எல். இளங்கோ குழுவினர் நடத்திய ஆய்வுகளும், ஃபுளோரைடின் மூலம் பாறையே என்பதையும் அயனிப் பரிமாற்றத்தின் பங்கையும் எடுத்துக்காட்டின.

பருப்பு வேகும் தண்ணீர்

நம் வீடுகளில் தண்ணீரைச் சோதிக்க இரண்டு அளவுகோல்கள் உண்டு. நாக்கில் உப்புக் கரிக்கக் கூடாது. பருப்பு சீக்கிரம் வேக வேண்டும். இந்த இரண்டிலும் தேறினால் அது நல்ல தண்ணீர். தேறாவிட்டால் துவைக்கவும் மாட்டுக்கும் ஆகும் உப்புத் தண்ணீர். தலைமுறைகளின் அனுபவத்தில் பிறந்த இந்தச் சோதனை பல ஊர்களில் சரியாகவே வேலை செய்கிறது.

பாலக்கோடு போன்ற ஊர்களில் இது ஏமாற்றக்கூடும். பருப்பு வேகாமல் நிற்கக் காரணம் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும். கால்சியம் குறைந்த மென்தண்ணீரில் பருப்பு குழைய வேகும். அதே தண்ணீரில்தான் ஃபுளோரைடைப் பிடிக்கக் காவல் இல்லை. எல்லா மென்தண்ணீரும் அப்படி என்று சொல்ல முடியாது. மழைநீரைவிட மென்மையான நீர் ஏது? ஆனால் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் இனிப்பான, தெளிவான, பருப்பு வேகும் தண்ணீர் பாதுகாப்பானது என்று நாக்கை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, இந்த அளவுகளில் சுவையும் இல்லை.

இன்னொரு பழக்கமும் நிலைமையை மோசமாக்கியது. ஒரு காலத்தில் திறந்த கிணறுகள் மேல்மண்ணிலும் சிதைந்த பாறையிலும் இருந்த புது மழைநீரைக் கொடுத்தன. கிணறுகள் வற்றவும் போர் போடும் வண்டிகள் வந்தன. முதலில் இருநூறு அடி, பிறகு ஐநூறு, பிறகு ஆயிரம். ஆழம் கூடக்கூடப் பாறையோடு நெடுங்காலம் கிடந்த பழைய தண்ணீர் மேலே வருகிறது. விவசாயி கடன் வாங்கிப் போர் போடுகிறார். எத்தனை அடியில் தண்ணீர், எத்தனை இஞ்ச் என்று கேட்கிறார். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை அவரிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இது விவசாயியின் குற்றம் அல்ல. மாவட்டத்தின் புவியியல் வரைபடம் அலுவலக அலமாரியைத் தாண்டி ஊராட்சி மன்ற மேசைக்கு வராமலே இருந்துவிட்டதுதான் குற்றம்.

கிண்டியிலிருந்து நல்கொண்டா வரை

ஃபுளோரைடால் வரும் ஃபுளோரோசிஸ் என்னும் இந்த நோயை இந்தியாவில் முதன்முதலாக முறையாக விவரித்தவர்கள் சென்னை மாகாணத்து ஆய்வாளர்கள்தான். 1937இல் கிண்டி கிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஷார்ட், சி.ஜி. பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் நெல்லூர் மாவட்டத்தில் தண்ணீரால் வரும் ஃபுளோரோசிஸ் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். பண்டிட் குழுவினர் 1940இல் தொடர்ந்து செய்த ஆய்வு, ஒரே அளவு ஃபுளோரைடு உள்ள ஊர்களிலும் ஊட்டம் குறைந்தவர்களே கடுமையாகப் பாதிக்கப்படுவதைச் சுட்டியது. குறிப்பாக உணவில் வைட்டமின் சி போதாமையை அவர்கள் கவனித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரே தண்ணீர் கூடுதல் கேடு செய்யும் என்பது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி.

அமெரிக்காவில் இதே கதை பல் மருத்துவரிடமிருந்து தொடங்கியது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901இல் வந்த ஃபிரெடரிக் மெக்கே, உள்ளூர்க் குழந்தைகளின் பல்லில் காவிக் கறையைக் கண்டு காரணம் தேடத் தொடங்கினார். விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1931இல் அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளர் சர்ச்சில், தண்ணீரில் இருந்த ஃபுளோரைடை அளந்து காட்டினார். அந்த நகரின் மேலே நிற்பது பைக்ஸ் பீக் கிரானைட் மலை. பாலக்கோட்டுக்கும் அந்த மலையடிவாரத்துக்கும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். பிள்ளைகளின் பல்லில் எழுதியது ஒரே வகைப் பாறை.

தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்து அனுபவம் இன்னும் கவலை தருவது. 1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும், ஃபுளோரைடு மிகுந்த அந்தப் பகுதியில் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்த இளைஞர்களைப் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். ஃபுளோரைடு அங்கே முன்பே இருந்தது. முழங்கால் வளைவு புதிது. நாகார்ஜுனசாகர் அணையை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் உயர, மண்ணின் காரத்தன்மை மாற, சோளத்தில் மாலிப்டினம் கூடியது என்று அந்நிறுவனத்தின் பின்னைய ஆய்வுகள் விளக்கம் தேடின. மாலிப்டினம் கூடினால் உடல் தாமிரத்தை அதிகமாக வெளியேற்றும். தாமிரம் குறைந்த வளரும் எலும்பில் ஃபுளோரைடின் கேடு கடுமையாகும் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. ஒரு சுவடுத் தனிமத்தை மட்டும் தனியே எடுத்து அளந்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இல்லை.

கரிய களிப்பாறை

சுவடுத் தனிமங்களின் கதை பாலக்கோட்டின் நைஸ் பாறையோடு முடிவதில்லை. அதை விட்டுக் காவிரியோடு கீழே இறங்கினால் காட்சி மாறுகிறது. பெரம்பலூர் மாவட்டம் காரை அருகே, மழை அரித்துச் செதுக்கிய செம்பழுப்புக் களிமேடுகள் விரிகின்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அம்மோனைட் சுருள் சிப்பிகளின் புதைபடிவங்கள் அந்தக் களிப்பாறையில் கிடைக்கின்றன. அதே ஊத்தத்தூர்ப் படிவங்களில் பாஸ்பேட் உருண்டைகளும் ஜிப்சமும் உண்டு. இன்னும் கிழக்கே, டெல்டாவின் நெல்வயல்களுக்கு வெகு ஆழத்தில், ஆண்டிமடம், சத்தபாடி என்று புவியியலாளர் பெயரிட்ட கரிமம் செறிந்த ஷேல் அடுக்குகள் கிடக்கின்றன. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013இல் வெளியிட்ட உலக ஷேல் மதிப்பீட்டில் காவிரிப் படுகையும் இடம்பெற்றது.

கரிமம் செறிந்த ஷேல் எப்படி உருவாகிறது? ஆக்சிஜன் அற்ற கடலடியில் இறந்த உயிரிகள் மக்காமல் சேற்றோடு புதைகின்றன. கடல்நீரில் கரைந்திருந்த மாலிப்டினம், யுரேனியம், வெனடியம், நிக்கல், செலினியம், ஆர்செனிக் எல்லாம் அந்தக் கரிமத்திலும் பைரைட் என்னும் இரும்புக் கந்தகத்திலும் மாட்டிக்கொள்கின்றன. சாதாரண ஷேலில் மாலிப்டினம் பத்து லட்சத்தில் மூன்று பங்குகூட இராது. கரிய ஷேலில் அது பத்துகளிலும் நூறுகளிலும் போகும். பழங்காலக் கடலில் ஆக்சிஜன் இருந்ததா என்று அறிய ஆய்வாளர்கள் மாலிப்டினத்தையே துப்பாகப் பயன்படுத்துகிறார்கள். புதைந்து கிடக்கும்வரை தொல்லை இல்லை. வெட்டிக் காற்றுக்கும் மழைக்கும் காட்டினால் பைரைட் அமிலமாகிறது. அமிலம் உலோகங்களைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகிறது.

சுவீடன் இதை நேரடியாக அனுபவித்தது. அங்குள்ள ஆலம் ஷேல் ஐம்பது கோடி ஆண்டு பழையது. ஒரு காலத்தில் படிகாரம் எடுத்த பாறை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குவார்ன்டோர்ப் என்ற இடத்தில் அதைச் சூடாக்கி எண்ணெய் எடுத்தார்கள். 1966இல் பணி நின்றது. மிஞ்சிய சாம்பலும் கழிவும் ஏறக்குறைய நூறு மீட்டர் உயரக் குன்றாக நிற்கின்றன. பல பத்தாண்டுகள் கடந்தும் அதன் உட்புறச் சூடு தணியவில்லை. அதே பாறையிலிருந்து ரான்ஸ்டாடில் 1965 முதல் 1969 வரை யுரேனியம் எடுத்தார்கள்.

வெட்டாமலேகூட ஆபத்து வரும். கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பாசன வடிகால் நீரைக் கெஸ்டர்சன் என்ற நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். 1983இல் அங்கே பறவைக் குஞ்சுகள் கண்ணும் அலகும் காலும் சிதைந்து முட்டைக்குள்ளேயே இறப்பதைக் கண்டனர். காரணம் செலினியம். மேற்கு மலைத்தொடரின் கடல்சார் ஷேல் பாறைகளிலிருந்து மண்ணுக்கு வந்து, பாசன நீர் கழுவி ஒரே இடத்தில் குவித்த செலினியம். சீனாவின் ஹூபே மாகாணத்து என்ஷி வட்டாரத்தில் 1960களின் தொடக்கத்தில் கிராம மக்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்தன. செலினியம் செறிந்த கரிப்பாறையின் மண்ணில் விளைந்த உணவே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் ஷேலில் எரிவாயுவுக்காகப் பாறையைப் பிளந்து வெளிவந்த கழிவுநீரில் பேரியமும் ரேடியமும் கூடவே வந்தன.

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020இல் வந்தபோது, டெல்டாவில் ஷேல் எரிவாயு உட்பட ஹைட்ரோகார்பன் புதுத் திட்டங்களுக்குத் தடை விழுந்தது. அந்தத் தடையைக் கோரிய போராட்டத்தில் பேசப்பட்டது பெரும்பாலும் நெல்லும் நிலத்தடி நீரும். பாறைக்குள் இருக்கும் சுவடுத் தனிமங்களைக் கணக்கில் சேர்த்தால் அந்தத் தடைக்கான நியாயம் இன்னும் வலுவாகிறது. பாலக்கோட்டுக்காரர்கள் டெல்டாவுக்குச் சொல்லக்கூடிய பாடம் இது: ஒருமுறை பாறையின் பொருள் தண்ணீருக்குள் வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே அனுப்ப எந்த அரசாலும் முடியாது.

ஒகேனக்கல் தண்ணி

பாலக்கோட்டுக்கு விடை, பாறை விரிசலில் தேங்காத தண்ணீர். அது ஒகேனக்கல்லில் ஓடிக்கொண்டிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் பள்ளத்தில். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்குக் கர்நாடகம் 1998இல் ஆட்சேபணை இல்லை என்றது. அடிக்கல் நாட்டப்பட்டது 2008 பிப்ரவரியில், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது. ஜப்பான் கடனுதவி கிடைத்தது. உடனே எல்லையில் எதிர்ப்பு கிளம்பியது, பேருந்துகள் நின்றன, சென்னையில் தமிழ்த் திரையுலகினர் உண்ணாவிரதம் இருந்தனர், கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஒருவழியாக 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களும் பேரூராட்சிகளும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளும் பயன்பெறும் வகையில் காவிரி மேட்டின் மேல் ஏறியது.

இரண்டு மாநில அரசியலில் சிக்கிய அந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் பற்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இதைச் சொல்லாமல் இந்தத் திட்டத்தின் வரலாற்றை எழுத முடியாது.

இன்று இந்த வட்டாரத்தில் ஒகேனக்கல் தண்ணி என்றால் குடிக்கும் தண்ணீர் என்று சிறுவர்களுக்கும் தெரியும். இது பெரிய வெற்றி. ஆனால் குழாய் தினமும் வருவதில்லை என்ற புகார் கிராமங்களில் ஓயவில்லை. தண்ணீர் போதாதபோது, மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீரோடு உள்ளூர்ப் போர்வெல் தண்ணீரையும் ஏற்றிக் கலந்து விடும் வழக்கம் பற்றிப் பல ஆண்டுகளாகச் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. கணக்கு எளிது. போர்வெல்லில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், ஆற்றுநீரில் அரை மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். சரிபாதி கலந்தால் 1.75. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடி ரூபாய்த் தண்ணீர் தொட்டியில் ஏறிய பிறகு மறுபடி எல்லையைத் தாண்டிவிடுகிறது. குடிப்பவருக்கோ அது முழுக்க ஒகேனக்கல் தண்ணீர் என்ற நம்பிக்கை. திட்டத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான். அதைச் சரிசெய்ய கோடிகள் தேவையில்லை. இரண்டு தனித் தொட்டி, இரண்டு தனிக் குழாய், ஒரு உறுதியான உத்தரவு போதும்.

ஆர்.ஓ. இயந்திரம் வீடுகளிலும் ஊர்ப் பொது இடங்களிலும் வந்துவிட்டது. அது ஃபுளோரைடை நீக்கும் என்பது உண்மை. கூடவே கால்சியத்தையும் நீக்கும். ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக அது வெளித்தள்ளும் கழிவுநீரில் ஃபுளோரைடு முன்பைவிடச் செறிந்திருக்கும். அந்தக் கழிவுநீரை வாசலில் விட்டால் மறுபடி மண்ணுக்கே போகும். நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) 1970களில் உருவாக்கிய நல்கொண்டா முறை, படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடை அடியில் படியவைக்கும். மலிவு. ஆனால் தண்ணீரின் தன்மைக்கேற்ப அளவை மாற்றிப் போட ஆள் வேண்டும். ஆளில்லாமல் கிடக்கும் சுத்திகரிப்பு நிலையம் நோயைத் தடுக்காது.

மழைநீரைச் செறிவூட்டுவது நெடுநாள் வழி. தடுப்பணை, ஏரித் தூர்வாரல், கிணற்றோரச் செறிவூட்டல் குழி ஆகியவை வழியாகப் புது நீர் நிலத்தடிக்குப் போனால், பழைய நீரிலுள்ள ஃபுளோரைடு நீர்த்துப்போகும். ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்யும் மாவட்டத்துக்கு இது நடக்காத காரியம் அல்ல. பஞ்சப்பள்ளி, தும்பலஹள்ளி அணைகளும் ஜெர்தலாவ் ஏரியும் நிரம்பிய ஆண்டுகளில் சுற்றுக் கிணறுகளின் தண்ணீர் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து அளந்து வெளியிட்டாலே ஊர் மக்கள் ஏரியைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.

களியும் புளியும்

குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், சமைக்கப் போர்வெல் தண்ணீர் என்பது பல வீடுகளின் ஏற்பாடு. காரணம் புரிகிறது, குடம் குறைவு, குடும்பம் பெரிது. ஆனால் கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிப் பாதியாகச் சுண்டினால் மிஞ்சியதில் அதன் அளவு இருமடங்காகும். கேழ்வரகுக் களி, கஞ்சி, சோறு எல்லாம் உலைநீரைப் பெருமளவு உறிஞ்சும் உணவுகள். தண்ணீரில் இருந்தது தட்டுக்கு வந்துவிடும். எனவே குடிநீரும் உலைநீரும் ஒன்றே என்று கணக்குப் போட வேண்டும். ஒரு ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு ஐந்து முதல் எட்டு லிட்டர் இருந்தால் சமாளிக்கலாம். குளிக்கவும் துவைக்கவும் போர்வெல் தண்ணீரால் கேடில்லை; தோல் வழியாக ஃபுளோரைடு ஏறுவதில்லை.

நல்ல செய்தியும் இதே சமையலறையில் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் அதில் மிகச் சிறு பங்கே உண்டு. கால்சியம் குடலிலேயே ஃபுளோரைடைக் கொஞ்சம் பிடித்து வெளியே அனுப்பும். களியை விட்டு ரேஷன் அரிசிக்கு மாறிய குடும்பங்கள் இந்தக் காவலையும் சேர்த்து இழந்தன. புளிக்கும் ஒரு பங்கு உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கந்தாரே குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிச் சிறுவர்கள் 18 பேருக்கு மதிய உணவோடு தினமும் 10 கிராம் புளி கொடுத்தபோது சிறுநீர் வழியாக ஃபுளோரைடு வெளியேறுவது கூடியது. சிறிய ஆய்வுதான், புளி மருந்தாகிவிடாது. ஆனாலும் புளியந்தோப்புகள் சூழ்ந்த பாலக்கோட்டில் புளிக்குழம்பும் நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் பாலும் மோரும் குழந்தையின் தட்டில் தவறாமல் இருப்பது கைச்செலவில்லாத பாதுகாப்பு. கட்டஞ்சாயா பழக்கம் மட்டும் குழந்தைகளுக்கு வேண்டாம்; தேயிலையிலேயே ஃபுளோரைடு உண்டு.

மத்திய அரசின் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தில் தருமபுரி தொடக்க ஆண்டுகளிலேயே சேர்க்கப்பட்டது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கள நீர்ச் சோதனைப் பெட்டி பயிற்சி தரப்பட வேண்டும்; அந்தப் பெட்டியில் ஃபுளோரைடுச் சோதனையும் அடங்கும். கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. அளந்த எண் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பதிவேட்டில் புதைந்தால் பயனில்லை. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் சுவரிலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஃபுளோரைடு எவ்வளவு, எந்தத் தேதியில் அளந்தது என்று மூன்று வரி பெயிண்டில் எழுதச் சொல்லி மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த எந்தப் பள்ளிப் பிள்ளையும் அதைக் கேள்வி கேட்கும்.

பாலக்கோடு வட்டாரத்து வாசகர்கள் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டாம். கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து, தருமபுரியிலுள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். வீட்டில் உலை வைக்கும் தண்ணீர், குடிக்கும் தண்ணீர், பிள்ளை படிக்கும் பள்ளி அல்லது அங்கன்வாடியின் தண்ணீர், மூன்றையும் தனித்தனியாக அளந்து வாங்குங்கள். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீடு என்றால் இந்த வாரமே செய்யுங்கள்.